நல்லா இருக்கற நாள்லயே பேசி வெச்சுக்கங்க: பைபோலார் உள்ள வளந்த பிள்ளையோட ஒரே வீட்டுல இருக்கற அப்பா அம்மாவுக்கு

டிஸ்சார்ஜ் சம்மரியில பிபிஏடின்னு எழுதியிருக்கும், அத கையில வெச்சுக்கிட்டு என்ன ஏதுன்னு புரியாம ஆஸ்பத்திரி வாசல்ல ஆட்டோவுக்கு நின்ன அப்பா அம்மா யாராச்சும் இருந்தா இது உங்களுக்குத்தான். பைபோலார் அஃபெக்டிவ் டிஸ்ஆர்டருங்கறத டாக்டருங்க அப்படித்தான் சுருக்கி எழுதுவாங்க. எங்க வீட்டுக்கு அந்தச் சீட்டு வந்தது 2016ல, பொண்ணுக்கு அப்ப 22 வயசு. நான் மதுரையில கவர்மெண்ட் ஸ்கூல்ல கணக்கு வாத்தியாரா இருந்து ரிட்டயர் ஆனவன், டாக்டர் கிடையாது. மருந்து விஷயத்துல கடைசி வார்த்தை உங்க சைக்யாட்ரிஸ்ட்டோடதுதான், வீட்டுக்குள்ள என்ன செய்யணுங்கறதுல எனக்குத் தெரிஞ்சத சொல்றேன். பொண்ணு இத முழுசா படிச்சுப் பாத்துட்டா, அவ வேணாம்னு சொன்ன ரெண்டு விஷயத்த எடுத்துட்டுத்தான் போடறேன்.

முதல் வாரம் என்ன செய்யறது

ஆஸ்பத்திரியிலேருந்து வந்த முதல் வாரம் வீட்டுக்கு யாரையும் வரச் சொல்லாதீங்க. சொந்தக்காரங்க ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிட்டு வந்து உக்காந்து "என்னம்மா ஆச்சு உனக்கு"ன்னு கேப்பாங்க, பாசத்துலதான் கேக்கறாங்க, ஆனா அந்த நேரத்துல பிள்ளைக்கு வெளிச்சமும் சத்தமும் பேச்சும் கம்மியா இருக்கணும், தூக்கம் நிறைய வேணும். பாதி நேரம் மாத்திரை மயக்கத்துல தூங்கிட்டே இருப்பாங்க, மீதி நேரம் தான் செஞ்சதெல்லாம் ஞாபகம் வந்து கூனிக்குறுகிப் போய் உக்காந்திருப்பாங்க. எங்க பொண்ணு அப்ப மூணு நாள் தூங்காம இருந்து நாலாவது நாள் அவங்கம்மா செயின கழட்டி கோயில் வாசல்ல உக்காந்திருந்த ஒரு அம்மா கையில குடுத்துட்டு வந்தா, ராத்திரி மூணு மணிக்கு என் கூட வேலை பாத்தவங்களுக்கெல்லாம் போன் போட்டு தான் ஒரு யுனிவர்சிட்டி ஆரம்பிக்கப் போறதா சொன்னா. வீட்டுக்கு வந்த முதல் வாரம் பூரா அந்தச் செயினப் பத்தியே அழுதா. அப்ப நாம செய்ய வேண்டியது ஒண்ணுதான், "அது நோய் பண்ணினது, செயின் போனா போகுது"ன்னு சொல்லிட்டு அந்தப் பேச்ச அதோட விட்டுடணும். நான் அன்னைக்கு அப்படிச் சொல்லல, கணக்குப் பாத்தேன், எத்தன பவுன்னு சொல்லிக் காட்டினேன். அது இன்னைக்கும் எனக்கு உறுத்துது.

நோயப் பத்தி அடிப்படையா இது தெரிஞ்சா போதும். மூடு ரெண்டு பக்கமும் போகும். மேல போறது மேனியா, ஒரு வாரமோ அதுக்கு மேலயோ நீடிக்கும், தூக்கமே தேவைப்படாது, பேச்சு நிக்காது, காசு தண்ணியா ஓடும், சில பேருக்குக் கோவம்தான் முன்னாடி நிக்கும். அதோட லேசான ரூபம் ஹைப்போமேனியா, நாலு நாள் இருந்தாலே கணக்குல வரும், வெளிய இருந்து பாத்தா பிள்ளை ரொம்ப சுறுசுறுப்பா இருக்கற மாதிரிதான் தெரியும். கீழ போறது டிப்ரஷன், ரெண்டு வாரத்துக்கு மேல. பெரும்பாலும் காலேஜ் வயசுல ஆரம்பிக்குது, நிறையப் பேருக்கு டிப்ரஷன்தான் முதல்ல வரும், அதனால பைபோலார்னு பேரு தெரியறதுக்கே வருஷக்கணக்கா ஆயிடுது. எங்க பொண்ணுக்கும் 2014ல முதல்ல டிப்ரஷன்தான் வந்துச்சு, பரிட்சை பயம்னு நினைச்சோம். இங்க ஒண்ணு முக்கியமா சொல்லணும்: பைபோலார் உள்ளவங்களுக்கு மூட் ஸ்டெபிலைசர், அதாவது மூடு ரெண்டு பக்கமும் போகாம பிடிச்சு வெக்கற மருந்து, அது இல்லாம டிப்ரஷன் மாத்திரைய மட்டும் குடுத்தா சில பேருக்கு அதுவே மேனியாவுக்குத் தூக்கி விட்டுடும். அதனால எந்த டாக்டர்கிட்ட போனாலும், பல் டாக்டரா இருந்தா கூட, பைபோலார் இருக்குன்னு முதல்லயே சொல்லிடுங்க.

அப்புறம் இது உங்க வம்சத்துலேருந்து வந்துச்சா எங்க வம்சத்துலேருந்து வந்துச்சான்னு வீட்டுக்குள்ள ஒரு சண்டை வரும். பரம்பரையோட பங்கு இருக்கறது நெஜம், ஆனா வளத்த முறையால வர்ற நோய் இல்ல இது, பிள்ளை காதுல விழற மாதிரி அந்தச் சண்டை வேணாம்.

மாத்திரை விஷயம்

புதுசா வர்றவங்க ரொம்ப தப்பு பண்றது இங்கதான், அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன். ரெண்டு மாசத்துல பிள்ளை பழையபடி சிரிச்சுப் பேசும், உடனே நமக்கும் அதுக்கும் ஒரே எண்ணம் வரும், சரியாயிடுச்சே இன்னும் எதுக்கு மாத்திரைன்னு. மாத்திரை சாப்பிடறதாலதான் சரியா இருக்குது. சுகர் மாத்திரைய யாரும் சுகர் குறைஞ்ச உடனே நிறுத்தறதில்லையே, அது மாதிரிதான் இதையும் எடுத்துக்கணும். அதுலயும் லித்தியம்ங்கற மூட் ஸ்டெபிலைசர திடீர்னு நிறுத்தினா மேனியா திரும்பி வர்றதுக்கு வாய்ப்பு அதிகம்.

லித்தியம் பழைய மருந்து, 1949ல ஆஸ்திரேலியாவுல ஜான் கேடுன்னு ஒரு டாக்டர் மேனியாவுக்கு உதவுதுன்னு எழுதினாரு, இன்னைக்கு வரைக்கும் அதுக்கு நல்ல பேரு இருக்கு, தற்கொலை எண்ணத்தக் குறைக்கறதுலயும் அதுக்குப் பங்கு இருக்கறதா டாக்டருங்க சொல்றாங்க. ஆனா ரத்தத்துல அது ஒரு அளவுக்குள்ள இருக்கணும், சாதாரணமா 0.6லேருந்து 1.0க்குள்ள வெப்பாங்க, 1.5 தாண்டினா விஷமா மாற ஆரம்பிக்கும். அதனால டெஸ்ட் எடுக்கணும். ராத்திரி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழிச்சு, காலைல மாத்திரை போடறதுக்கு முன்னாடி ரத்தம் குடுக்கணும், இல்லாட்டி ரிசல்ட் தப்பா வரும், நாங்க முதல் தடவ மாத்திரைய குடுத்துட்டுக் கூட்டிட்டுப் போய் அளவு ஏறிப்போச்சுன்னு பயந்து திரும்ப எடுத்தோம். டோஸ் மாத்தினா ஒரு வாரத்துல ஒரு டெஸ்ட், அப்புறம் மூணு மாசமோ ஆறு மாசமோ டாக்டர் சொல்ற மாதிரி. கூடவே தைராய்டும், கிட்னிக்குப் பாக்கற கிரியேட்டினினும் ஆறு மாசத்துக்கு ஒரு தடவ.

நம்ம ஊர் வெயிலுக்கு இத தெரிஞ்சு வெச்சுக்கறது ரொம்ப அவசியம்: உடம்புல தண்ணியும் உப்பும் குறைஞ்சா கிட்னி லித்தியத்த வெளிய விடாம பிடிச்சு வெச்சுக்கும், லெவல் தன்னால ஏறிடும். அக்னி நட்சத்திரத்துல வெளிய அலையறது, வாந்தி பேதி, தண்ணி குடிக்காம இருக்கற விரதம், நோன்பு, திடீர்னு "எல்லாருக்கும் பிபி இருக்கு, இனிமே இந்த வீட்டுல உப்பே கிடையாது"ன்னு ஒரு முடிவு, இதெல்லாமே ஆபத்து. விரதமே கூடாதுன்னு சொல்லல, டாக்டர்கிட்ட முன்கூட்டியே கேட்டுட்டு இருங்க. அதே மாதிரி மெடிக்கல் ஷாப்புல கால்வலிக்குன்னு சொல்லி வாங்கற புரூஃபென், டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரைங்க, லோசார்டான் மாதிரி சில பிபி மாத்திரைங்க, நீர் பிரியக் குடுக்கற மாத்திரைங்க, இதுங்களும் லெவல ஏத்தும். காய்ச்சல் தலைவலிக்குப் பாரசிட்டமால் போதும். கை நல்லாவே நடுங்குது, நடை தள்ளாடுது, பேச்சு குழறுது, வாந்தி பேதி, இப்படி ஏதாச்சும் இருந்தா அடுத்த வேளை மாத்திரைய குடுக்காம நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க, காலைல பாத்துக்கலாம்னு இருக்காதீங்க. லேசான கை நடுக்கம் வேற, அது நிறையப் பேருக்கு இருக்கறதுதான், அத அடுத்த ஓபியில சொன்னா போதும்.

பொண்ணு பெத்தவங்களுக்கு இன்னொண்ணு. வால்ப்ரோயேட்னு ஒரு மருந்து இருக்கு, நல்லாவே வேலை செய்யும், ஆனா கர்ப்பத்துல குழந்தைக்குப் பிறவிக்குறை வர்ற வாய்ப்பு ரொம்ப அதிகம், அதனால பிள்ளை பெத்துக்கற வயசுல இருக்கற பொண்ணுங்களுக்கு அத முடிஞ்ச வரைக்கும் தவிர்ப்பாங்க. உங்க பொண்ணுக்கு எழுதியிருந்தா நீங்களா நிறுத்தாதீங்க, ஆனா டாக்டர்கிட்ட கேளுங்க, கேக்கறதுக்கு வெக்கப்படாதீங்க. லாமோட்ரிஜின் ஆரம்பிச்சா முதல் வாரங்கள்ல தோல்ல தடிப்பு வருதான்னு பாருங்க, வந்தா அன்னைக்கே டாக்டர்கிட்ட காட்டணும். ஒலான்ஸபின், க்வெட்டியாபின் இதெல்லாம் பசிய கிளப்பும், வெயிட்டு ஏறும், சுகர் பாக்கணும். பொண்ணு மூணு மாசத்துல 11 கிலோ ஏறினா, அவ மாத்திரைய நிறுத்தினதுக்கு அதுதான் காரணம், நாங்க சோம்பேறித்தனம்னு நினைச்சுக்கிட்டு இருந்தோம். பிள்ளை மாத்திரை வேணாம்னு சொன்னா ஏன்னு கேளுங்க, அந்தக் காரணத்த அப்படியே டாக்டர்கிட்ட கொண்டு போனா பல நேரம் மருந்த மாத்தியோ அளவ மாத்தியோ வழி பண்ணுவாங்க.

செலவு பயமுறுத்துச்சுன்னா கவர்மெண்ட் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிங்க எல்லாத்துலயும் மனநலப் பிரிவு இருக்கு, மதுரையில நாங்க பெரியாஸ்பத்திரின்னு சொல்லுவோம், சென்னையில கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம் 1794லேருந்து இருக்கு, மாவட்ட மனநலத் திட்டத்துல ஜிஹெச்சுலயே ஓபி பாத்து மாத்திரை இலவசமா குடுக்கறாங்க. ஓபி சீட்ட தொலைக்காம வெச்சுக்கணும், அவ்வளவுதான்.

தூக்கம்

மருந்துக்கு அடுத்தது தூக்கம். ரெண்டு ராத்திரி முழிச்சாலே மேனியா கிளம்பிடறவங்க இருக்காங்க, எங்க பொண்ணு அதுல ஒருத்தி. 2019ல சித்திரைத் திருவிழா, சொந்தக்காரப் பிள்ளைங்க எல்லாம் வந்திருந்தாங்க, எதிர்சேவைக்கு ஒரு ராத்திரி, அழகர் ஆத்துல இறங்கறதப் பாக்க அடுத்த ராத்திரி, நாங்களும் மூணு வருஷமா நல்லாதான இருக்கான்னு விட்டுட்டோம், வெயில் வேற. நாலாம் நாள் அவ பேசின வேகத்துலயே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. இப்ப அழகர டிவியில பாக்கறோம், இல்லன்னா நல்லா தூங்கி எழுந்து காலைல போறோம். சிவராத்திரி, வைகுண்ட ஏகாதசி, முகூர்த்தத்துக்கு முந்தின ராத்திரி மண்டபம், நைட் பஸ்சு, நைட் ஷிப்டு எல்லாமே இந்தக் கணக்குலதான் வரும். வேலை தேடும்போதும் இத மனசுல வெச்சுக்கங்க, பிபிஓ நைட் ஷிப்ட விட பத்தாயிரம் கம்மியா வந்தாலும் பகல் வேலை நல்லது. ராத்திரி பத்து மணிக்கு வீடு பூரா லைட்ட அணைக்கணும், பிள்ளைய மட்டும் படுன்னு சொல்லிட்டு நாம சீரியல் பாத்தா நடக்காது.

நோட்டு போடறது

இதுதான் நான் சொல்ல வந்ததுலயே முக்கியமானது, மத்ததெல்லாம் மறந்தாலும் இத பண்ணுங்க. நோய் வந்திருக்கும்போது எடுக்கற முடிவு எல்லாமே சண்டையிலதான் முடியுது, ஏன்னா அந்த நேரத்துல பிள்ளைக்குத் தனக்கு ஒண்ணும் இல்லன்னு தோணும், நமக்குப் பயம். அதனால நல்லா இருக்கற மாசத்துல, ஒரு சாயங்காலம் டீ குடிச்சுக்கிட்டே மூணு பேரும் உக்காந்து பேசி அத எழுதி வெச்சுடணும். எழுத வேண்டியது பிள்ளை, அவங்க கையெழுத்துல. நான் 2017ல நானே எழுதி ஒரு சார்ட் போட்டு செவுத்துல ஒட்டினேன், டைம் டேபிள் மாதிரி. பொண்ணு அத கிழிச்சுப் போட்டா, கிழிச்சது சரிதான், வயசுக்கு வந்த மனுசிய ஸ்கூல் பிள்ளை மாதிரி நடத்தினா யாருக்குத்தான் கோவம் வராது. 2019 அட்மிஷனுக்கு அப்புறம் அவளே ஒரு நாப்பது பக்க நோட்டு வாங்கிட்டு வந்து எழுதினா.

அதுல முதல் பக்கம், மேல போகும்போது முதல்ல என்ன மாறும்னு. பொதுவா தூக்கம் குறையும்னு எல்லாரும் சொல்லுவாங்க, ஆனா ஒவ்வொருத்தருக்கும் தனி அடையாளம் இருக்கும், அததான் பிடிக்கணும். எங்க பொண்ணுக்கு மூணு: பழைய பிரெண்ட்ஸ் எல்லாருக்கும் ஒரே நாள்ல மெசேஜ் போடுவா, கண்ணுக்கு மை தடிமனா வரும், வீட்டுல சாமான் இடம் மாத்துவா. கீழ போகும்போது தலை வாரறது நிக்கும், குளிக்கறது தள்ளிப்போகும், போன சார்ஜ்ல போட மாட்டா. இந்த மாதிரி ரெண்டு அடையாளம் சேந்தாப்ல ரெண்டு நாள் இருந்தா டாக்டருக்குப் போன் பண்ணலாம்னு அவளே எழுதி வெச்சிருக்கா.

ரெண்டாவது பக்கம், அடையாளம் தெரியுதுன்னு அவகிட்ட யாரு சொல்லலாம். நாங்க சொன்னா அவ அந்த நேரத்துல கேக்க மாட்டா, ஆனா அவ சின்ன சித்தி சொன்னா கேப்பா. அதனால சொல்ற வேலை சித்திக்கு. உங்க வீட்டுல அது ஒரு பிரெண்டா இருக்கலாம், அண்ணனா இருக்கலாம், பிள்ளைதான் பேரு சொல்லணும்.

மூணாவது பக்கம் எங்களுக்கு. அத அப்படியே எடுத்து எழுதறேன், அவகிட்ட கேட்டுட்டுத்தான்: "நான் சிரிச்சா உடனே மாத்திரை போட்டியான்னு கேக்காதீங்க. கோவப்பட்டாலும் கேக்காதீங்க. எனக்கும் சும்மா கோவம் வரும். டப்பாவ பாத்தாலே தெரியும், பாத்துக்கங்க." அத படிச்சப்ப என் வீட்டம்மா அடுப்படிக்குப் போயிட்டாங்க, ரொம்ப நேரம் வரல. ரெண்டு வருஷமா நாங்க தெனமும் அதத்தான் கேட்டுக்கிட்டு இருந்திருக்கோம். அன்னைலேருந்து ஏழு நாள் மாத்திரை டப்பா ஃப்ரிட்ஜ் மேல இருக்கும், அவளே ஞாயித்துக்கிழமை ரொப்புவா, போற வழியில ஒரு பார்வை பாத்துக்கறதோட சரி. வீட்டுல குத்தம் சொல்றதும், எரிஞ்சு விழறதும், மூச்சு விட விடாம கூடவே நிக்கறதும் அதிகமா இருந்தா நோய் சீக்கிரம் திரும்பி வருதுன்னு ஆராய்ச்சியிலயும் சொல்லியிருக்காங்க, டாக்டருங்க குடும்பத்தையும் சேத்து உக்கார வெச்சு கவுன்சிலிங் குடுக்கறது அதுக்காகத்தான். கிடைச்சா விடாதீங்க.

பணம்

இதையும் அதே நோட்டுலதான் முடிவு பண்ணணும், பிள்ளை சம்மதத்தோட. சம்பளம் வர்ற அக்கவுண்ட்ட யுபிஐயில சேக்காம, சின்னதா இன்னொரு அக்கவுண்ட்டுக்கு மாசச் செலவ மாத்திக்கிட்டு அத மட்டும் ஜிபேயில வெச்சுக்கலாம். பேங்க் ஆப்லயே ஒரு நாளைக்கு இவ்வளவுதான்னு லிமிட் குறைக்க வழி இருக்கு. கிரெடிட் கார்டு வேணாம்னு எங்க பொண்ணே முடிவு பண்ணிட்டா. லோன் ஆப்தான் இப்ப பெரிய பயம், அஞ்சு நிமிஷத்துல காசு வந்துடுது, ராத்திரி ரெண்டு மணிக்கும் வருது. அடையாளம் தெரிஞ்ச உடனே போன்லேருந்து அந்த மாதிரி ஆப்ப எடுத்துடலாம்னும், வண்டி சாவிய அம்மாகிட்ட குடுத்துடறேன்னும் எழுதி வாங்கிக்கங்க. பெரிசா எது வாங்கறதா இருந்தாலும் ரெண்டு ராத்திரி தூங்கி எழுந்து அப்புறம் வாங்கறதுன்னு ஒரு விதி வெச்சிருக்கோம், அது எனக்கும் சேத்துத்தான்.

மேனியா வந்துட்டா

வாதாடாதீங்க. "நீ பேசறது தப்பு, உனக்கு நோய் வந்திருக்கு"ன்னு சொன்னா தீ மேல எண்ணெய் ஊத்தின மாதிரி. குரல தாழ்த்தி, சின்னச் சின்ன வாக்கியமா பேசுங்க, ஒரு நேரத்துல ஒருத்தர் மட்டும். டிவிய அணைங்க, வந்தவங்கள அனுப்பி வெயுங்க. கூடாதுன்னு சொல்றதுக்குப் பதிலா தள்ளிப் போடுங்க, "நாளைக்குப் பேசிக்கலாம்மா, இப்ப தோசை ஊத்தவா"ன்னு. நோட்டுல எழுதின ஆளக் கூப்பிடுங்க, டாக்டருக்குப் போன் போடுங்க.

அதுக்கு மேல போச்சுன்னா சட்டம் தெரிஞ்சிருக்கணும். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே மாசத்துலேருந்து நடைமுறையில இருக்கு. 18 வயசு ஆன பிள்ளைய அப்பா அம்மாங்கற உரிமையில மட்டும் கொண்டு போய் அட்மிட் பண்ணிட முடியாது, பிள்ளை தானா சேர்றதுதான் முதல் வழி. தன்னையோ அடுத்தவங்களையோ காயப்படுத்தற நிலை, இல்ல தன்னப் பாத்துக்கவே முடியாத நிலை, அப்படி இருந்து ரெண்டு பேரு தனித்தனியா பரிசோதிச்சு, அதுல ஒருத்தர் சைக்யாட்ரிஸ்ட்டா இருக்கணும், ஒத்துக்கிட்டாதான் சம்மதம் இல்லாம சேக்கலாம், அதுவும் முதல்ல 30 நாள் வரைக்கும்தான். அந்த விண்ணப்பத்த குடுக்க வேண்டியது நியமிக்கப்பட்ட பிரதிநிதி, அதாவது தன் சார்பா இருக்கறதுக்குப் பிள்ளையே பேரு எழுதிக் குடுக்கற ஆள். இந்த நியமனத்த முன்னாடியே பண்ணி வெச்சுக்கலாம், வெள்ளைப் பேப்பர்ல பிள்ளை எழுதிக் கையெழுத்துப் போட்டா போதும். எங்க பொண்ணு என் பேர எழுதல, அவங்கம்மா பேர எழுதினா. வருத்தமா இருந்துச்சு, ஆனா அது அவ உரிமை. எந்த மாதிரி சிகிச்சை வேணும், எது வேணாம்னு முன்கூட்டியே எழுதி வெக்கறதுக்கும் அதே சட்டத்துல இடம் இருக்கு, ஆஸ்பத்திரியில சோசியல் வொர்க்கர்கிட்ட கேளுங்க. அவசரம்னா பக்கத்துல இருக்கற எந்த டாக்டரும் பிரதிநிதி சம்மதத்தோட 72 மணி நேரம் வரைக்கும் அவசர சிகிச்சை குடுக்கலாம், 108க்குப் போன் பண்ணுங்க. பிள்ளை வீட்ட விட்டுப் போயிட்டாலோ கட்டுப்படுத்த முடியாம போனாலோ போலீஸ்ல சொல்லுங்க, மனநோய் உள்ளவங்கள பாதுகாப்பா டாக்டர்கிட்ட சேக்கற கடமை அந்த ஸ்டேஷன் அதிகாரிக்கு இருக்கு. ஆனா நல்ல நாள்ல "போலீஸக் கூப்பிடுவேன்"னு மிரட்டறதுக்கு அத பயன்படுத்தவே கூடாது.

டிப்ரஷன்ல

மேனியா சத்தமா வரும், ஊருக்கே தெரியும். டிப்ரஷன் சத்தமில்லாம மாசக்கணக்குல உக்காந்திருக்கும், வருஷம் முழுக்கக் கூட்டிப் பாத்தா நிறையப் பேருக்கு இதுலதான் அதிக நாள் போகுது. "எழுந்திரு, வெளிய போ, உனக்கு என்ன குறை"ன்னு சொல்றது உதவாது. சின்னதா, கூடவே செய்யற மாதிரி கேளுங்க. வெண்டைக்கா நறுக்கறியாம்மான்னு கேட்டு பக்கத்துல உக்காருங்க, பேசணும்னு இல்ல. முடியலன்னா விட்டுடுங்க, சாயங்காலம் திரும்பக் கேளுங்க.

சாகணும்னு எண்ணம் வருதான்னு நேராவே கேளுங்க. கேட்டா எண்ணத்த உண்டாக்கிடுவோம்னு பயப்படறாங்க, அப்படி ஆகறதில்ல, கேட்டதுல பாரம் இறங்கினவங்கதான் அதிகம். ஆமான்னு சொன்னா அதிராதீங்க, அழுது ஆர்ப்பாட்டம் பண்ணாதீங்க, தனியா விடாதீங்க, அன்னைக்கே டாக்டர். வீட்டுல பூச்சி மருந்து, எலி மருந்து இருந்தா இன்னைக்கே வெளிய போகட்டும். மாத்திரையும் ஒரு வாரத்துக்கு மட்டும் வெளிய, மீதி பூட்டுல, லித்தியம் அளவுக்கு மீறி உள்ள போனா உயிருக்கே ஆபத்து. 14416ன்னு டெலி மானஸ் நம்பர், கவர்மெண்டோட மனநல உதவி எண் அது, 2022 அக்டோபர்லேருந்து இருக்கு, காசு கிடையாது, 24 மணி நேரமும் தமிழ்ல பேசலாம், பிள்ளைதான் பேசணும்னு இல்ல, நாமளும் பேசலாம். நான் ஒரு ராத்திரி பேசியிருக்கேன். டிப்ரஷன்லேருந்து கொஞ்சம் தெளிஞ்சு வர்ற வாரத்துலயும் கவனமா இருக்கணும், அப்பதான் எண்ணத்த செய்யறதுக்கான தெம்பு வரும்.

கோயிலு, சொந்தம், கல்யாணம்

குணசீலம் போங்க, ஏர்வாடி போங்கன்னு சொல்லுவாங்க. நாங்களும் குணசீலம் போனோம், மனசுக்கு நல்லா இருந்துச்சு, மாத்திரை டப்பாவோடதான் போனோம். ஏர்வாடி தர்காவுலயே இப்ப மருந்தும் துவாவும் சேத்துக் குடுக்கற ஏற்பாடு இருக்கு. ஆனா எங்கயும் விட்டுட்டு மட்டும் வந்துடாதீங்க. 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஏர்வாடியில ஒரு தனியார் காப்பகத்துல தீப்பிடிச்சு 28 பேர் செத்துப்போனாங்க, சங்கிலியில கட்டிப் போட்டிருந்ததால ஓட முடியல. இன்னைக்கு யாரையும் சங்கிலியில கட்டறது சட்டப்படியே குத்தம், வீட்டுல ரூம்ல போட்டுப் பூட்டறதையும் நினைச்சுக்கூடப் பாக்காதீங்க.

ஊருக்கு என்ன சொல்றதுங்கறத பிள்ளை முடிவு பண்ணட்டும். எங்க பொண்ணு நாலு பேருக்குத்தான் சொல்லச் சொன்னா, நாலு பேருக்குத்தான் தெரியும். கல்யாணம் பண்ணி வெச்சா சரியாயிடும்னு யாராச்சும் சொன்னா தயவுசெஞ்சு கேக்காதீங்க. பைபோலார் உள்ளவங்க நல்லபடியா கல்யாணம் பண்ணி, பிள்ளை பெத்து வாழறாங்க, ஆனா மறைச்சுப் பண்ணினா மாமியார் வீட்டுல மாத்திரைய ஒளிச்சு வெச்சு சாப்பிட வேண்டி வரும், சீக்கிரமே நின்னுபோகும், அப்புறம் வர்ற மேனியா தனியா வராது, கோர்ட்டு கேஸும் சேந்து வரும். எங்க பொண்ணுக்கு வந்த ரெண்டு வரன்கிட்ட சொன்னோம், போயிட்டாங்க. அவ பெருசா வருத்தப்படல, நாங்கதான் வருத்தப்பட்டோம்.

உங்க உடம்பு, அப்புறம் ஒரு ஃபைல்

மேனியா வாரத்துல நாங்க ரெண்டு பேரும் சேந்தே முழிச்சு சேந்தே படுத்துட்டோம், அது தப்பு. ஷிப்டு போட்டுக்கங்க, ஒருத்தர் தூங்கும்போது ஒருத்தர். உங்க பிபி மாத்திரைய நீங்க மறக்காதீங்க. இன்னொரு பிள்ளை இருந்தா அதுகிட்ட நாள்ல பத்து நிமிஷமாச்சும் அதோட விஷயத்த மட்டும் பேசுங்க, எங்க பையன் பிளஸ் டூ மார்க்கு என்னன்னு நான் ஒரு வாரம் கழிச்சுத்தான் கேட்டேன்.

நமக்கு அப்புறம் யாருங்கற கேள்வி ராத்திரி ரெண்டு மணிக்கு வரும், எல்லாருக்கும் வருது. அதுக்கு ஒரே ஃபைலு போட்டா கொஞ்சம் அடங்கும். டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாம், லித்தியம் ரிப்போர்ட் தேதி வரிசையில, இப்ப சாப்பிடற மாத்திரை பேரும் அளவும், ஒத்துக்காத மருந்து எது, பிரதிநிதி பேப்பர். நோய் வேலையையும் வாழ்க்கையையும் ரொம்பப் பாதிச்சிருந்தா 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல மனநோயும் வருது, 40 சதவீதமோ அதுக்கு மேலயோன்னு மெடிக்கல் போர்டு சொன்னா யுடிஐடி கார்டு, அதாவது மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, வாங்கலாம், வாங்கறதா வேணாமாங்கறது பிள்ளை இஷ்டம். பழைய பென்ஷன் வாங்கறவங்க ஒண்ணு கேட்டு வெச்சுக்கங்க, சம்பாதிக்க முடியாத அளவுக்கு மனநோய் உள்ள பிள்ளைக்கு ஆயுள் முழுக்கக் குடும்ப ஓய்வூதியம் கிடைக்க விதி இருக்கு, நாம உயிரோட இருக்கும்போதே ஆபீஸ்ல பேர சேத்து வெக்கறது நல்லது. எங்க பொண்ணு இப்ப ஒரு டியூஷன் சென்டர்ல பகல்ல கெமிஸ்ட்ரி எடுக்கறா, அவளுக்கு அது தேவைப்படாமயே போகலாம்.

எங்க ஃபைலு நீலக் கலரு, பீரோவுல ரெண்டாவது தட்டு, பட்டுப்புடவைக்கு அடியில. போன மாசம் பையன் பெங்களூர்லேருந்து வந்திருந்தப்ப பொண்ணே அத எடுத்து அவன்கிட்ட குடுத்து பக்கம் பக்கமா காட்டினா, அவன் எல்லாத்தையும் போன்ல போட்டோ எடுத்துக்கிட்டான், அப்புறம் ரெண்டு பேரும் கடைக்குப் போய் பரோட்டா சாப்பிட்டுட்டு ஒம்பதரைக்கெல்லாம் வீட்டுக்கு வந்துட்டாங்க.